திருச்சபை என்டோமென்ட்டுக்கு உயில் வழியே சொத்து விடுவது எப்படி: உயிலைக் கடைசியில் எழுதுங்கள்

"ஐந்து லட்சம் ரூபாய் எங்கள் ஆலயத்துக்கு" என்று உயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிற்பாடு அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு உயிலை நிறைவேற்ற வருபவர் நான்கு கேள்விகளில் மாட்டிக்கொள்கிறார். காசோலையை எந்தப் பெயரில் எழுதுவது? முதலைச் செலவழிக்கலாமா? வட்டி எதற்கு? ஆலயம் இதை ஏற்றுக்கொள்ளுமா? பதில் சொல்ல வேண்டியவர் அப்போது உயிரோடு இருக்கமாட்டார்.

ஆகவே வழக்கமான வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நோக்கம், பெறும் அமைப்பு, அதன் எழுத்துபூர்வச் சம்மதம் ஆகியவை முதலில். உயில் கடைசியில்.

இந்தியாவில் சொத்து வைத்திருக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. அவர்களுடைய உயில்களுக்குப் பொதுவாக 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கீழே பிரிவு எண் என்று மட்டும் வரும் இடங்களில் அந்தச் சட்டத்தையே குறிக்கிறோம்.

1. முதலில் சொத்துப் பட்டியல்

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வீடு, மனை, வங்கி வைப்பு, பங்குகள், நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் பெயரில் இருக்கிறது, நாமினி யார் என்று குறியுங்கள். நிலத்துக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், அதை மாற்றி முடிக்கும் வரை அந்த நிலத்தை ஆலயத்துக்கு எழுத வேண்டாம்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் உங்கள் பங்கை மட்டுமே உங்களால் எழுத முடியும். "என் வீடு முழுவதும்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நாமினி விஷயத்தில் குழப்பம் அதிகம். வங்கி வைப்புக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும், ஆலயத்தைப் போட முடியாது. நாமினி வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்லும். பங்குகளுக்கும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிப்படுத்தியது. ஆலயத்துக்குப் போக வேண்டிய பணம் இருக்கும் வைப்புக்கு, உயிலை நிறைவேற்றப் போகிறவரையே நாமினியாகப் போடுவது நல்லது. வேறொருவர் நாமினியாக இருந்தால் அவரிடமிருந்து பணத்தை வாங்குவதே தனி வழக்காகிவிடலாம்.

இந்தச் சட்டத்தின்கீழ் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ இவ்வளவு விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும், குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கொடுங்கள். மனைவியின் பிழைப்புக்கு வழி வைக்காமல் ஆலயத்துக்கு எழுதிய உயில்தான் முதலில் நீதிமன்றத்துக்குப் போகிறது. அப்படி வரும் பணத்தை வாங்க நல்ல சேகரக் கமிட்டியே தயங்கும்.

2. நோக்கத்தை முடிவு செய்யும்முன் கணக்குப் போடுங்கள்

என்டோமென்ட் என்றால் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவது. இது எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டி எவ்வளவு சிறிய தொகை என்பதைத்தான் பலர் கணக்குப் பார்ப்பதில்லை.

5 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் வரும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 20 ஆண்டுகள் கழித்து அந்த 35,000 இன்றைய 13,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளைத்தான் வாங்கும். வட்டியில் 15 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் முதலோடு சேர்த்துவந்தால் முதல் சுமார் 6.16 லட்சமாக வளரும். அதன் வட்டி 43,000 ரூபாயைத் தாண்டும். அப்போதும் இன்றைய மதிப்பில் அது 16,000-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். முதலாவது, உயிலில் ரூபாய் அளவில் உதவித்தொகை எழுதாதீர்கள். "ஆண்டுதோறும் இரண்டு மாணவருக்கு ஆளுக்கு 1,000 ரூபாய்" என்று எழுதினால், ஒரு தலைமுறைக்குப் பிறகு அந்தத் தொகையில் ஒரு பாடநூல்கூட வாங்க முடியாமல் போகலாம். நீதிமன்றத்துக்குப் போகாமல் அதை மாற்றும் அதிகாரமும் யாருக்கும் இருக்காது. "கிடைக்கும் வட்டியைக்கொண்டு, கமிட்டி தீர்மானிக்கும் எண்ணிக்கையில்" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, தொகை சிறியதாக இருந்தால் உங்கள் பெயரில் தனி என்டோமென்ட் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கல்வி நிதியிலோ மருத்துவ நிதியிலோ சேர்க்கச் சொல்லுங்கள். 50,000 ரூபாய்க்குத் தனிக் கணக்கு, தனி ரசீது, தனித் தணிக்கை என்றால் அந்த வேலையின் பாரமே வட்டியை விழுங்கிவிடும்.

முதலோடு வட்டியைச் சேர்க்கச் சொல்வதற்கும் எல்லை உண்டு. வரி விலக்கு பெற்ற அமைப்பு தன் மொத்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது வருமான வரி விதி. மீதி 15 சதவீதத்தைச் சேர்த்துவைக்கத் தடையில்லை. அதற்கு மேல் சேர்க்கச் சொன்னால் பொருளாளருக்குச் சிக்கல் வரலாம். முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள்.

3. பெறும் அமைப்பின் சட்டப்பூர்வப் பெயர்

ஞாயிறுதோறும் நீங்கள் போகும் ஆலயம் பெரும்பாலும் சட்டத்தின் பார்வையில் தனி அமைப்பாக இருக்காது. அதன் சொத்து மேலே உள்ள ஒரு பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபையில் ஆலய நிலங்களும் கட்டடங்களும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற நிறுவனத்தின் பெயரில் இருப்பது வழக்கம். கத்தோலிக்கப் பங்குகளுக்கு மறைமாவட்டத்தின் பதிவு பெற்ற சங்கமோ டிரஸ்டோ இருக்கும். தனித்து இயங்கும் சபைகள் சில சங்கமாகவும் சில டிரஸ்டாகவும் பதிவாகியிருக்கும். சில பதிவே ஆகாமல் போதகரின் சொந்தப் பெயரில் நடக்கும். கடைசியாகச் சொன்ன நிலையில் இருக்கும் சபைக்கு என்டோமென்ட் எழுதாதீர்கள். போதகர் காலமானால் அந்தப் பணம் யாருடையது என்பதே தகராறாகிவிடும்.

குருவானவரிடமோ பங்குத்தந்தையிடமோ நிற்காமல், திருமண்டல அல்லது மறைமாவட்ட அலுவலகத்தில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பதிவுச் சான்றில் உள்ளபடி பெயர், பதிவு எண், பான் எண், வருமான வரிப் பதிவின் நகல், கடைசி இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) ஒரு பக்கம் என்டோமென்ட் நிதிகளின் மொத்தம் இருக்கும். மறுபக்கம் அவற்றுக்கான முதலீடுகள் இருக்கும். நிதி 40 லட்சம் என்றும் முதலீடு 25 லட்சம் என்றும் இருந்தால், 15 லட்சம் எங்கே என்று கேளுங்கள். கட்டட வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தோம் என்ற பதில் வந்தால், உங்கள் முதலுக்கும் அதே கதி வரலாம். பணிவாகக் கேட்டாலும் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. முன்பு கொடுத்துவிட்டு மறைந்தவர்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள்.

4. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

நோக்கத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்து, "இப்படி ஒரு நிதி வந்தால் ஏற்று, இந்த நோக்கத்துக்காக நடத்துவோம்" என்று கமிட்டித் தீர்மானத்தின் நகலோடு கடிதம் வாங்குங்கள். குருவானவர் வாயால் சொன்ன சம்மதம் அவர் மாற்றலாகிப் போகும் நாள் வரைக்கும்தான்.

கத்தோலிக்கர்களுக்கு இது வெறும் நடைமுறையன்று, திருச்சபைச் சட்டமே. பங்கு போன்ற அமைப்பு ஒரு பக்தி நிதியை ஏற்க ஆயரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று 1304-ஆம் சட்ட எண் சொல்கிறது. வாய்மொழியாக ஏற்படுத்திய நிதியையும் எழுத்தில் பதிந்து, ஒரு பிரதியை ஆயர் அலுவலக ஆவணக் காப்பகத்திலும் இன்னொன்றை அந்த அமைப்பின் காப்பகத்திலும் வைக்க வேண்டும் என்பது 1306.

திருப்பலிக்கான நிதி என்றால் "உலகம் உள்ளவரை" என்று எழுதாதீர்கள். பங்கு போன்ற அமைப்பிடம் ஒப்படைக்கும் நிதியை நீண்ட காலத்துக்கு என்றுதான் சட்டம் பார்க்கிறது. அந்தக் காலம் எத்தனை ஆண்டு என்பதை அந்தந்த இடத்தின் திருச்சபை விதி நிர்ணயிக்கும். ஆண்டுக்கு எத்தனை திருப்பலி, எத்தனை ஆண்டு என்று உங்கள் மறைமாவட்டத்தில் கேட்டு அதற்குள் எழுதுங்கள்.

5. முடிந்தால் சிறு தொகையில் இப்போதே தொடங்குங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. 25,000 ரூபாயோ ஒரு லட்சமோ, முடிந்ததைக் கொடுத்து அந்த என்டோமென்ட்டை உங்கள் வாழ்நாளிலேயே திறந்துவிடுங்கள். உயில் பிற்பாடு அதே நிதியில் தொகையைச் சேர்க்கட்டும்.

இதனால் நிதியின் பெயரும் விதிகளும் முதலீடும் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருக்கும். உயிலில் "ஏற்கெனவே உள்ள இந்த நிதியில் சேர்க்கவும்" என்று எழுதினால் போதும், யாரும் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் வட்டி ஒழுங்காக நோக்கத்துக்குப் போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். போகவில்லை என்றால் உயிலை மாற்ற உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தரும் அங்கீகாரம் (80ஜி என்று அறியப்படுவது) அமைப்புக்கு இருந்தால், வாழ்நாளில் கொடுக்கும் நன்கொடைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள வரி முறையைப் பொறுத்துக் கழிவு கிடைக்கலாம். உயில் வழியே போகும் தொகைக்கு அது கிடையாது. அதே சமயம் இந்தியாவில் இறந்தவரின் சொத்துமீது விதிக்கப்பட்ட வரி (எஸ்டேட் டூட்டி) 1985-இலேயே நீக்கப்பட்டதால், இறப்புக்குப் பின் சொத்து கைமாறுவதற்கென்று வரியும் இல்லை.

6. எந்த வடிவில் கொடுப்பது

மூன்று வழிகள் உண்டு: குறிப்பிட்ட ஒரு பொருள், குறிப்பிட்ட தொகை, மிச்சத்தில் ஒரு பங்கு.

குறிப்பிட்ட பொருளில்தான் ஆபத்து மிகுதி. "இந்த வங்கியில் இந்த எண்ணுள்ள வைப்பில் இருக்கும் பணம் ஆலயத்துக்கு" என்று எழுதுகிறார்கள். பிறகு மருத்துவச் செலவுக்கு அந்த வைப்பை உடைத்துவிடுகிறார்கள். இறக்கும்போது அந்தப் பொருள் இல்லை என்றால், பிரிவு 152-இன்படி அந்தக் கொடையும் இல்லாமல் போகும். வேறு கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஆலயத்துக்கு ஒன்றும் வராது. வைப்பு எண்ணை உயிலில் எழுதவே எழுதாதீர்கள்.

குறிப்பிட்ட தொகை பரவாயில்லை. ஆனால் கடன்கள் போக மிச்சம் குறைந்தால், இப்படித் தொகை எழுதப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி குறையும். சொத்து பெருகினாலோ கொடை பெருகாது.

கடன், செலவு, குடும்பத்துக்கான பங்குகள் எல்லாம் போக எஞ்சியதில் இத்தனை சதவீதம் என்று எழுதுவதே எங்கள் பரிந்துரை. குடும்பத்தின் பங்கு முதலில் பாதுகாக்கப்படும். மிச்சம் கூடினால் ஆலயத்தின் பங்கும் கூடும்.

நிலத்தை நிலமாகவே கொடுப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். வேலி, வாடகைதாரர், ஆக்கிரமிப்பு, பட்டா மாற்றம் எல்லாவற்றையும் ஆலயத்தின் தலையில் கட்டுகிறீர்கள். "உயில் நிறைவேற்றுநர் அந்த நிலத்தை விற்று, வரும் தொகையை என்டோமென்ட்டில் சேர்க்க வேண்டும்" என்று எழுதினால் வேலை சுருங்கும். ஆலய வளாகத்தை ஒட்டிய நிலம் என்றால் மட்டும் நிலமாகவே கொடுப்பதில் பொருள் உண்டு.

7. உயிலில் எழுதும் வாசகம்

கீழே உள்ளதை வழக்கறிஞரிடம் கொடுத்து உங்களுக்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்:

"எனது கடன்களும் இறுதிச் செலவுகளும் மேற்கண்ட கொடைகளும் போக எஞ்சும் சொத்தில் ___ சதவீதத்தை, ___ என்ற பெயரில் ___ எண்ணாகப் பதிவு பெற்ற அமைப்புக்கு, ___ ஊரில் உள்ள ___ ஆலயத்தின் பயனுக்கான நிலைமுதலாக விட்டுச்செல்கிறேன். இத்தொகை கார்பஸ் நன்கொடை. முதலைச் செலவிடக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் முறையில் தனியே முதலீடு செய்ய வேண்டும். வருமானத்தில் 15 சதவீதம் வரை முதலோடு சேர்த்து, மீதியை ___ நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். அந்நோக்கம் தேவையற்றதாகவோ நிறைவேற்ற முடியாததாகவோ ஆனால், அதற்கு மிக நெருங்கிய வேறொரு அறப்பணிக்கு நிர்வாகக் குழு செலவிடலாம். அவ்வமைப்பு அப்போது இல்லாவிட்டால், அதன் பொறுப்புகளை ஏற்றுள்ள அமைப்புக்கு இத்தொகை சேர வேண்டும்."

"கார்பஸ்" என்ற சொல் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலாக வைக்க வேண்டும் என்று கொடுப்பவர் எழுத்தில் குறிப்பாகச் சொல்லாவிட்டால், வருமான வரிக் கணக்கில் அது அந்த ஆண்டின் சாதாரண வருமானமாகிவிடும். 85 சதவீத விதியும் அதன்மேல் விழும்.

நோக்கம் பொய்த்துப்போனால் என்ன செய்வது என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு விடுதி மூடப்படலாம், ஒரு பள்ளியை வேறு நிர்வாகம் எடுத்துக்கொள்ளலாம். அந்த வரி இல்லாவிட்டால் நோக்கத்தை மாற்ற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒரே உயிலாக எழுத வேண்டாம். ஆளுக்கொன்று எழுதுங்கள். ஒருவர் இறந்தபின் மற்றவர் அதை மாற்றலாமா என்ற வழக்கு அப்போது எழாது.

8. கையெழுத்தும் சாட்சிகளும்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பிரிவு 63-இன்படி நீங்கள் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்த அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று உங்கள் வாயால் கேட்ட இரண்டு சாட்சிகள், உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் உயில் செல்லும், ஆனால் அவருக்கான கொடை செல்லாது. பிரிவு 67 அப்படிச் சொல்கிறது. குருவானவரையும் கமிட்டியாரையும் சாட்சியாகப் போடச் சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் போடாதீர்கள். வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு முதல் ஆதாரமாக அதைத்தான் காட்டுவார்கள். உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாகப் பாருங்கள். வழக்கு வந்தால் குறைந்தது ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. இருந்தாலும் ஆலயத்துக்கு எழுதும் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள். தொலைந்தாலும் நகல் கிடைக்கும், கையெழுத்தையும் எளிதில் மறுக்க முடியாது.

ஒரு பழைய பயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். நெருங்கிய உறவினர் உள்ளவர் அறப்பணிக்கு எழுதும் உயில், இறப்புக்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டு, எழுதிய 6 மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பிரிவு 118 சொன்னது. ஜான் வல்லமட்டம் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதியபின் திருமணம் செய்தால், பிரிவு 69-இன்படி அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்துகொண்டால் புது உயில் எழுத வேண்டும்.

9. வெளிநாட்டில் இருப்பவர்கள்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கே வாழ்ந்தாலும், அவருடைய சொந்தச் சேமிப்பு வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அவர் விட்டுச்செல்லும் பணம் வெளிநாட்டு நிதிதான். பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வர வேண்டும். உள்ளூர் ஆலயக் கணக்குக்கு நேரே அனுப்பினால், வாங்கியவர்கள் சட்டத்தை மீறியவர்களாகிவிடுவார்கள்.

10. உயில் நிறைவேற்றுநருக்கு

இந்தப் பகுதியைத் தனியே நகலெடுத்து, நீங்கள் நியமிப்பவரிடம் இப்போதே கொடுங்கள். மூல உயில் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கி லாக்கரில் வைத்தால், லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும் என்ற சிக்கல் வரும்.

இறப்புச் சான்று வாங்கியதும் பெறும் அமைப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு இறுதிச் செலவு, நிர்வாகச் செலவு, கடன் என்ற வரிசையில் தீர்த்துவிட்டுத்தான் கொடைகளுக்கு வர வேண்டும். கமிட்டி அவசரப்படுத்துகிறது என்று முதலிலேயே கொடுத்துவிட்டு, பிறகு கடன்காரர் வந்தால் நீங்கள் பொறுப்பாவீர்கள். இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை கொடையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 337 தரும் பாதுகாப்பு அது.

இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை என்று 2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பெரிய தொகை என்றாலும், வாரிசுகளில் ஒருவர் எதிர்த்தாலும் வங்கி அதைக் கேட்கலாம். எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால் காத்திராமல் நீங்களே புரொபேட்டுக்கு மனு போடுங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அமைப்பின் சட்டப்பூர்வப் பெயரில் காசோலை எழுதி, உயிலின் அந்தப் பத்தியை அப்படியே எடுத்தெழுதி, "இது கார்பஸ் நன்கொடை" என்ற கடிதத்தோடு கொடுங்கள். பதிலுக்கு மூன்று காகிதங்கள் வாங்குங்கள்: கார்பஸ் என்று குறிப்பிட்ட ரசீது, நிதியை ஏற்ற தீர்மானத்தின் நகல், எந்த வங்கியில் எப்படி முதலீடு செய்யப்பட்டது என்பதற்கான சான்றின் நகல். ரசீதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது காகிதம் வந்தால்தான் அந்தத் தொகை செலவாகாமல் முதலாகவே வைக்கப்பட்டது என்று தெரியும். அது கைக்கு வரும்வரை கோப்பை மூடாதீர்கள்.